‘யாரோட ஆளு?’ என்று கேட்பதில் தப்பில்லை

சென்னையில் எந்த ஆணையத்துக்கு யாரைப் போட்டாலும், செய்தி வந்த அன்று காலை டீக்கடையில் முதல் கேள்வி ஒன்றுதான்: “இவரு யாரோட ஆளு?” என்ன படித்தார், எந்த மாவட்டத்தில் கலெக்டராக இருந்தார், கை சுத்தமானவரா என்பதெல்லாம் அப்புறம். பதிலும் யாரிடமாவது தயாராக இருக்கும். “அந்த அமைச்சர் ஊர்க்காரருங்க.” “போன ஆட்சியில ஓரங்கட்டி வச்சிருந்தாங்க, இப்ப கவனிக்கிறாங்க.”

இந்தப் பேச்சைக் கேட்டால் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எதிலும் அரசியல் பார்க்கிற புத்தி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கேள்வி சரியானதுதான், கேட்கும் இடம்தான் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. ஆளை விட்டுவிட்டு அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்க வேண்டும். யார் நியமிக்கிறார்கள்? சம்பளமும் பதவிக்காலமும் யார் கையில்? பதவி முடிந்த பிறகு அடுத்த பதவியைக் கொடுக்கக்கூடியவர் யார்? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால், அங்கே எப்பேர்ப்பட்ட உத்தமரை உட்கார வைத்தாலும் ஊர் நம்பாது.

நம்பாமல் இருப்பது அவமதிப்பும் இல்லை. நம்மூர்க் கல்யாணத்தில் மொய்ப் பணத்தை வாங்குபவர் ஒருவர், நோட்டில் எழுதுபவர் இன்னொருவர். இருவருமே நெருங்கிய சொந்தக்காரர்கள்தான். “என்னைச் சந்தேகப்படுறீங்களா?” என்று அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அரசாங்கத்தில் மட்டும் இந்த ஏற்பாட்டைக் கேட்டால் ஒருவர் நேர்மையைச் சந்தேகிப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தகவல் அறியும் உரிமையை எடுத்துக்கொள்வோம். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. நாட்டிலேயே முதலில், 1997இல், இதற்கென்று மாநிலச் சட்டம் போட்டது நாம்தான். (சட்டத்தில் ஓட்டைகள் நிறைய என்பது வேறு கதை.) பிறகு 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி மாநிலத் தகவல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூன்று பேர்: முதலமைச்சர், சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் கைகாட்டும் ஓர் அமைச்சர். எந்த அமைச்சர் தன் முதலமைச்சருக்கு எதிராகக் கை தூக்குவார்? கணக்கு எப்போதும் இரண்டுக்கு ஒன்று. கூட்டம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது.

ஊழல் புகார்களை விசாரிக்க வந்த லோக் ஆயுக்தாவிலும் இதே கதை. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியதே 2018 ஜூலையில்தான். தேர்வுக் குழுவில் முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர். சபாநாயகர் எந்த வரிசையிலிருந்து வந்தவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் அந்தக் குழுவின் கூட்டத்தைப் புறக்கணித்தார். 2020இல் தலைமைத் தகவல் ஆணையர் தேர்வையும் புறக்கணித்தார். போனாலும் தன் குரல் எடுபடாது என்கிற வாதம் நியாயமானதுதான். 2021இல் அவரே முதலமைச்சரானார். குழு அதே மூன்று பேர் குழுவாகவே இருந்தது. தனக்குப் பாதகமாக இருந்த விதி, நாற்காலி மாறியதும் சாதகமாகிவிடுகிறது. பிறகு அதை மாற்ற எந்தக் கட்சிக்கு மனசு வரும்?

டெல்லியிலும் வித்தியாசம் இல்லை. தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை என்று ஒரு நிபந்தனையோடு. அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இருந்த இடத்தில் ஒரு மத்திய அமைச்சர் வந்து உட்கார்ந்தார். இரண்டுக்கு ஒன்று.

பதவிக்காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். தகவல் ஆணையருக்கு 5 ஆண்டு என்று சட்டத்திலேயே இருந்தது. 2019இல் திருத்தம் வந்தது. எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம் என்பதையெல்லாம் மத்திய அரசு விதி போட்டு முடிவு செய்யும் என்றார்கள். மாநில ஆணையர்களுக்கும் சேர்த்துத்தான். விதி 3 ஆண்டு என்று வந்தது. 3 ஆண்டு ஒன்றும் மோசமான காலம் இல்லை. ஆனால் சட்டத்தில் எழுதியிருந்ததை, விதியில் எழுதி நாளைக்கே மாற்றலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கோப்பைக் கொடு என்று ஓர் அரசாங்கத்துக்கு உத்தரவு போட வேண்டியவரின் சம்பளம், ஓர் அரசாங்கத்தின் விதியில் தொங்குகிறது.

சரி, கோட்டையையும் டெல்லியையும் விடுவோம். சென்னை மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகைக்கு வருவோம். சென்னைக்காரர்கள் இதை எப்படி இவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற உத்தரவால் நின்றது. அப்புறம் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று இழுத்து, சென்னைக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுக்கும் மேலாக 200 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. மன்றத்தின் அதிகாரம் யாரிடம் இருந்தது? தனி அலுவலரிடம். தனி அலுவலர் யார்? மாநகராட்சி ஆணையரேதான்.

இது எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு சாலைக்கோ வடிகாலுக்கோ பெரிய தொகையில் ஒப்பந்தம் விட வேண்டுமென்றால், ஆணையர் தரப்பு குறிப்பு தயாரித்து மன்றத்தின் முன் வைக்க வேண்டும். மன்றம் கேள்வி கேட்கும், சில நேரம் கத்தும், வெளிநடப்பு செய்யும், கடைசியில் தீர்மானம் போடும். அந்தக் கூச்சலில் பாதி நாடகம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நாடகத்துக்காகவாவது ஒருவர் எழுந்து “இந்த ரேட் ஏன் போன தடவையவிட அதிகம்?” என்று கேட்பார், மறுநாள் பேப்பரில் வரும். அந்த ஐந்து ஆண்டுகளில் ஆணையர் முன்வைத்ததை தனி அலுவலர் ஏற்றார். ஒரே மனிதர், ஒரே அறை, இரண்டு பதவிப்பெயர். அப்போது அந்தப் பதவியில் இருந்த அதிகாரிகள் யார் மீதும் எனக்குப் புகார் இல்லை; கொரோனா காலத்தில் ராப்பகலாக ஓடியவர்கள் அவர்கள். ஆனால் ஒருவர் தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே திருப்தியடைந்து, தானே கையெழுத்துப் போடுவதைக் கண்காணிப்பு என்று எப்படிச் சொல்வது?

இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கு வராத கூலிக்காரர்கள் பெயரில் சம்பளம் எழுதிய விவகாரம். மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல்! ஊழல் செய்த வார்டு உறுப்பினர்களுக்குத் தண்டனை என்று தொடங்கி, 23 ஆண்டு ஊரே ஓட்டுப் போடாமல் இருந்தது.

2022க்குப் பிறகு வார்டு குழு, பகுதிவாசிகள் கூடிப் பேசும் பகுதி சபை எல்லாம் வந்தன. நல்ல விஷயம், நானும் போகிறேன். ஜனவரி 26, ஏப்ரல் 14 போன்ற நாட்களில் நடக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டம் ஒன்று நினைவில் நிற்கிறது. எந்த வார்டு என்று சொல்லப்போவதில்லை, எந்த வார்டாகவும் இருந்திருக்கலாம். வாசலில் கையெழுத்து நோட்டு, உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். வார்டு குழுவின் தலைவர் கவுன்சிலர். வார்டில் நடக்கும் வேலையைக் கவனிக்க வேண்டிய குழு அதுதான். எங்கள் தெருவில் புதிதாகப் போட்ட மழைநீர் வடிகாலின் மூடி நாலு மாதத்தில் உள்வாங்கியிருந்தது. காய்கறிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா எழுந்து, வேலை தரமாக இருக்கிறதா என்று யார் பார்த்தது என்று கேட்டார். ஏ.இ., அதாவது மாநகராட்சியின் உதவிப் பொறியாளர், அமைதியாகப் பதில் சொன்னார்:

“மூன்றாம் தரப்பு ஆய்வு பண்ணியிருக்கும்மா.”

“அந்த மூணாவது ஆள யார் வச்சது?”

“நாங்கதான்.”

“காசு?”

“அதுவும் ப்ராஜெக்ட்லேர்ந்துதான் போகும்.”

“அப்ப மூணாவது இல்லையே சார், ரெண்டாவதுதானே?”

கூடத்தில் சிரிப்பு. ஏ.இ.யும் சிரித்தார். “அக்கா, அத அப்புறம் தனியா பேசிக்கலாம்” என்று மேடையிலிருந்து ஒரு குரல். அடுத்து தெருவிளக்கு. கண்காணிப்பு பற்றி நான் உட்கார்ந்து கேட்ட கருத்தரங்குகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் விஷயத்தைச் சொன்னதில்லை.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் ஒரு சார் இருக்கிறார். ஏஜி ஆபீஸில் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தேனாம்பேட்டையில் ஏஜி–டிஎம்எஸ் மெட்ரோ நிலையம் என்று தினமும் அறிவிப்பு கேட்கிறோமே, அந்த ஏஜி. அக்கவுன்டன்ட் ஜெனரல். அந்த நிலையத்தில் இறங்குகிற பத்துப் பேரில் எத்தனை பேருக்கு அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியுமோ. தமிழ்நாடு அரசு செலவழிக்கும் பணத்தைத் தணிக்கை செய்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்; சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை என்று செய்தியில் வருவதன் மூலப்பொருள் அங்கேதான் தயாராகிறது.

சார் பேச ஆரம்பித்தால் ஆடிட் பார்ட்டிக் கதைகள் வரும். மூன்று நான்கு பேர் கொண்ட குழு ஒரு மாவட்ட அலுவலகத்துக்குப் போய், ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, பில்களைப் புரட்டி, சந்தேகம் வந்தால் ஹாஃப் மார்ஜின் எழுதிக் கொடுப்பார்கள். காகிதத்தை நடுவில் மடித்து ஒரு பாதியில் கேள்வி, மறுபாதி பதிலுக்கு. பதில் திருப்தியாக இருந்தால் அந்தப் பாரா, அதாவது ஆட்சேபக் குறிப்பு, டிராப். இல்லையென்றால் மேலே போகும். “எங்களுக்குப் பெரிய சோதனையே மத்தியானச் சாப்பாடுதான் தம்பி” என்பார். போன ஊரில் தங்க இடம், போக வர ஜீப், சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்த அலுவலகத்தையே நம்ப வேண்டிய நிலை. வடை வரும், காபி வரும், பக்கத்து ஊர்க் கோயிலில் சிறப்பு தரிசனம் ஏற்பாடாகும். இவர் வீட்டிலிருந்தே புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போவாராம். வெளியூர் என்றால் மெஸ். “வடைக்காக யாரும் பாராவ டிராப் பண்ண மாட்டான். ஆனா வடைய தின்னுட்டு அடுத்த கேள்விய கொஞ்சம் மெதுவாதான் எழுதுவான்.” தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று அவர் அடிக்கடி சொல்வது, அநேகமாக இதைத்தான்.

சிஏஜியின் நாற்காலி மற்றவற்றைவிடக் கெட்டியாகச் செய்யப்பட்டது. 6 ஆண்டு அல்லது 65 வயதுவரை பதவி. நீக்க வேண்டுமென்றால் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கான அதே வழி. பதவி முடிந்த பின் மத்திய, மாநில அரசுகளில் வேறு எந்தப் பதவியும் ஏற்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 148ஆம் பிரிவே சொல்கிறது. நியமனம் மட்டும் மத்திய அரசின் கையில், குழுகூடக் கிடையாது. அதனால் சென்னையில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், அறிக்கை கசந்தால் டெல்லியைக் கைகாட்ட முடிகிறது.

இவ்வளவு கெட்டியான நாற்காலியிலிருந்து வரும் அறிக்கையையும் முடக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தாமதம். 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு ஆண்டு, தேதி எல்லாம் நினைவிருக்கும். டிசம்பர் 1ஆம் தேதி பிற்பகல் 2 மணியிலிருந்து செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது, 21 மணி நேரம் அந்த அளவு நீடித்தது என்றும், இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றும் சிஏஜி அறிக்கை சொன்னது. அடையாற்றின் கரையில் வீடிழந்த ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டு. அதற்குள் இன்னும் இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது.

தணிக்கை செய்யவே காலம் பிடிக்கும், அது புரிகிறது. ஆனால் 151ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில அறிக்கை ஆளுநரிடம் போகும், அவர் அதைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்வார் என்றுதான் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் என்று ஒரு வார்த்தை இல்லை. அறிக்கை யாரைக் குற்றம் சொல்கிறதோ அவர்களே அது எப்போது வெளிவரும் என்பதையும் முடிவு செய்யலாம். நடைமுறையில் பல மாநிலங்களில் அது கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் வந்து விழும். விவாதிக்க நேரம் இருக்காது.

விவாதிக்க வேண்டிய இடம் அவை உறுப்பினர்களின் பொதுக் கணக்குக் குழு. மக்களவையில் 1967 முதல் அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருப்பது மரபு. இங்கேயும் 2016–21 சட்டமன்றத்தில் திமுகவின் துரைமுருகன் தலைவராக இருந்தார். 2021க்குப் பிறகு அந்த இடம் பிரதான எதிர்க்கட்சிக்குப் போகவில்லை. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சியான காங்கிரஸுக்குப் போனது. காங்கிரஸ் அமைச்சரவையில் இல்லைதான். ஆனால் ஒரே மேடையில் ஓட்டுக் கேட்டவர்கள், அடுத்த தேர்தலில் சீட்டுக்காக அதே கட்சியோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியவர்கள். கணக்குக் கேட்கிறவருக்கு அது எவ்வளவு சங்கடம்! மரபு சட்டமாக எழுதப்படாததால், மீறினால் கேட்கவும் வழியில்லை.

லஞ்ச ஒழிப்புத் துறையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை. 1964இல் தொடங்கியது, மாநில அரசின் கீழ் இயங்குகிறது. முதலமைச்சராக இருந்த பழனிசாமி மீதான நெடுஞ்சாலை டெண்டர் புகாரை அந்தத் துறையே விசாரித்து ஒன்றுமில்லை என்றது. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. 2022இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து திரும்ப அனுப்பியது. அதற்குள் ஆட்சி மாறிவிட்டது; புகார் கொடுத்தவரின் கட்சியான திமுகவே கோட்டையில் இருந்தது; துறை மறுபடி விசாரிக்கக் கிளம்பியது. ஆட்சி மாற்றத்தைக் காரணமாக வைத்து மறுபடி தொடங்க முடியாது என்ற நிலைப்பாட்டை 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் எடுத்தது. அடுத்த மாதமே, இரண்டு கட்சிகளையும் சேர்ந்தவர்கள் விடுவிக்கப்பட்ட பழைய சொத்துக் குவிப்பு வழக்குகளை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானாக முன்வந்து திரும்ப எடுத்தார். துறையை அவர் பச்சோந்தியோடு ஒப்பிட்டது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வழக்குகளின் தகுதி பற்றி நான் பேசவில்லை, அவை மேல்முறையீட்டுக்கும் போயிருக்கின்றன. ஒரே துறை, ஒரே கோப்பு, ஆனால் வழக்குப் போட்டபோது ஒரு நிலை, ஆட்சி மாறியதும் வேறு நிலை.

எனக்கு அதிகம் உறுத்துவது பணி ஓய்வுக்குப் பிந்தைய பதவிகள்தான். ஓய்வு பெறும் ஐஏஎஸ் அதிகாரி தனியார் நிறுவனத்தில் சேர வேண்டுமென்றால் ஓராண்டு பொறுக்க வேண்டும், அல்லது அனுமதி வாங்க வேண்டும். அரசு நியமிக்கும் ஆணையத்துக்குப் போக அந்தக் காத்திருப்பு கிடையாது. 2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்தவர் நேராக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவரானார். அதற்கு முன்பும் ஒரு முன்னாள் தலைமைச் செயலாளர் அங்கே இருந்திருக்கிறார். தேர்வுக் குழுவில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியோ அவர் நியமிப்பவரோ இருப்பார் என்பது நல்ல அம்சம்தான். ஆனால் அந்த ஆணையத்தின் முன் வருவது தனியார் பில்டர் மட்டும் இல்லை. வீட்டு வசதி வாரியம் கட்டி விற்கும் அடுக்குமாடியும் அந்தச் சட்டத்துக்குள் வரும். நேற்றுவரை அந்த வாரியத்தின் மீதும் சேர்த்து ஒட்டுமொத்த அரசு இயந்திரத்துக்குத் தலைமை தாங்கியவர் இன்று அதன் மீதான புகாரைக் கேட்கிறார். அவர் நியாயமாகவே தீர்ப்புச் சொல்லலாம். வீடு தாமதமான குடும்பம் அதை நம்புமா?

மின்சாரத்தில் இது இன்னும் கீழே, நம் தெருவுக்கே வந்துவிட்டது. மின் இணைப்பு, பில் பற்றிய குறை தீரவில்லையென்றால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். நல்ல ஏற்பாடு. அதன் தலைவர் யார் என்றால் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். அதற்கும் மேலே குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நியமிப்பவர். ஆனால் அதுவரை படியேறுபவர்கள் எத்தனை பேர்?

பெரிய மனிதர்களும் இதில் விதிவிலக்கு இல்லை. தேர்தல் ஆணையம் என்றால் நமக்கு நினைவுக்கு வரும் சேஷன், கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்து 2019இல் இங்கேயே மறைந்தவர். கட்சிகளை நடுங்க வைத்தவர். ஓய்வுக்குப் பின் 1997இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். 1999இல் காந்திநகரில் அத்வானியை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அவரோடு ஆணையத்தில் இருந்த கில், பின்னாளில் காங்கிரஸ் அரசில் மத்திய அமைச்சர். போஃபர்ஸ் பீரங்கி பேரம் பற்றிய அறிக்கை வந்தபோது சிஏஜியாக இருந்த சதுர்வேதி பின்னாளில் பாஜகவின் மாநிலங்களவை உறுப்பினர், பிறகு கர்நாடக ஆளுநர் (148ஆம் பிரிவின் தடை இவற்றைத் தொடவில்லை). நம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போய் இந்தியாவின் தலைமை நீதிபதியான சதாசிவம், 2014இல் ஓய்வு பெற்ற சில மாதங்களில் கேரள ஆளுநர். இவர்கள் பதவியில் இருந்தபோது தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. பின்னால் வந்த பதவி, முன்னால் செய்த வேலையின் மீது நிழல் விழ வைக்கிறது. அந்த அறிக்கைகளை மறுக்க விரும்புகிறவனுக்கு ஒரு கைப்பிடி கிடைத்துவிடுகிறது.

அரசியல் சார்பே இல்லாத மனிதர்களைத் தேடுவது வீண் வேலை. அப்படி ஒருவர் மயிலாப்பூரிலும் இல்லை, வியாசர்பாடியிலும் இல்லை. ஓட்டுப் போடுகிற எல்லோருக்கும் ஒரு கட்சி மனசுக்குள் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அதை மனசுக்குள் வைத்திருக்கிறவருக்கு, அந்தக் கட்சியால் கொடுக்கவோ பறிக்கவோ முடியாத நாற்காலி கிடைத்தால் போதும்.

இந்த இடத்தில் நம்மவர்கள் உத்திரமேரூரை இழுப்பார்கள். நானும் இழுக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. சென்னையிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும் வெட்டியது. குடவோலை, ஜனநாயகம் என்று மேடையில் பேசுவார்கள். அது எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை; நிலமும் வேதப் படிப்பும் உள்ள, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதுடைய பிராமண ஆண்களின் சபை. அதைச் சொல்லாமல் பெருமை பேசுவது பாதிப் பேச்சு.

ஆனால் அந்தச் சுவரில் யாரும் பேசாத பகுதி ஒன்று இருக்கிறது: யாருடைய பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்பது. முந்தைய மூன்று ஆண்டில் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது. அதோடு நிற்கவில்லை. கணக்குக் காட்டாதவரின் சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், கூடப் பிறந்தவர், பெண் கொடுத்த மாமனார் என்று ஒவ்வோர் உறவாக எண்ணி எண்ணித் தள்ளுகிறார்கள். எழுதியவர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது! இன்று ஒப்பந்தத்தில் தனக்குப் பங்கு இருந்தால் கவுன்சிலராக முடியாது என்பது உள்ளாட்சிச் சட்டங்களில் பழைய விதி. மச்சான் பெயரில் எடுத்தால்? அந்தக் கேள்விக்கு 1,100 ஆண்டுக்கு முன் கல்லில் பதில் எழுதியிருக்கிறார்கள்.

ஓலை எடுக்கும் முறையும் அப்படித்தான். எல்லோர் கண்ணுக்கும் தெரியக் குடத்தைத் தூக்கிக் காட்டி, ஓலைகளை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவனைவிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அவன் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாது. அந்த மத்தியஸ்தனை அவர்கள் சந்தேகித்தார்களா? அப்படி இருக்காது. கையை விரி என்பது விதி, அவ்வளவுதான்.

இதை மேல்மாடி சாரிடம் சொல்லி, என் யோசனையையும் சொன்னேன். தகவல் ஆணையர், லோக் ஆயுக்தா உறுப்பினர் போன்ற பதவிகளுக்குத் தகுதியுள்ள இருபது, முப்பது பேர் பட்டியல் போடட்டும். பட்டியலையும் அவர்களின் சொத்து, உறவு, முந்தைய பதவி விவரங்களையும் ஒரு மாதம் பொதுவில் வைக்கட்டும். ஆட்சேபம் கேட்டு முடித்ததும், மிச்சமுள்ள பெயர்களைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுக்கட்டும். முதலமைச்சருக்கு யாரும் கடன்பட வேண்டியதில்லை, எதிர்க்கட்சித் தலைவர் வெளிநடப்பு செய்ய வேண்டியதில்லை.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “எல்லாம் சரி தம்பி. குடத்துக்குள்ள போடற ஓலைய யார் எழுதறது?”

உத்திரமேரூரில் 30 குடும்பும், அதாவது வார்டுகள், தனித்தனியாக எழுதிப் போட்டன என்றேன். இங்கே அந்த முப்பது யார் யார் என்று கேட்டார். உயர் நீதிமன்றம் ஒன்று. பட்டயக் கணக்காளர் அமைப்பு ஒன்று. பல்கலைக்கழகங்கள் என்று நான் ஆரம்பித்ததும், துணைவேந்தரை யார் போடுவது என்பதில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த சண்டையை நினைவூட்டினார். அதை அடித்தோம். பத்திரிகையாளர் சங்கம் என்றேன். எந்தச் சங்கம் என்றார். நுகர்வோர் அமைப்புகள், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதிகள், பகுதி சபைகள். பகுதி சபையை மட்டும் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார். காய்கறிக் கடை அக்கா விஷயத்தை ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தேன். அன்று ராத்திரிவரை உட்கார்ந்தும் பட்டியல் பதினொன்றைத் தாண்டவில்லை. அதிலும் நான்கின் பக்கத்தில் அவர் கையால் பென்சிலில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது.